உறைவிட ஆய்வு ஃபெல்லோஷிப்: சிம்லா முதல் பெர்லின் வரை விண்ணப்பிப்பது எப்படி

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கு. விடைத்தாள் திருத்துவது, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு தயாரிப்பது, சேர்க்கைப் பணி எல்லாம் அதற்கு மேல். முனைவர் பட்டத்துக்குப் பிறகு அடுத்த புத்தகம் எழுதாமல் நின்றுவிட்ட பலருக்கும் குறை ஒன்றுதான்: சேர்ந்தாற்போல் ஆறேழு மாதம் ஒரே மேசையில் உட்கார வழியில்லை. உறைவிட ஃபெல்லோஷிப் அந்த வழியைத் தருகிறது. தங்க இடம், மாதத் தொகை, நூலகம், பக்கத்து அறையில் வேறு துறை ஆய்வாளர் ஒருவர். பதிலுக்கு அவர்கள் கேட்பது நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்பதை.

வரலாறு, மொழியியல், இலக்கியம், மானிடவியல், சமூகவியல், அரசியல், தத்துவம் ஆகிய துறைகளில் முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கானது இந்த வழிகாட்டி. முனைவர் பட்டம் இன்னும் முடியாதவர்களும் நாட்காட்டிப் பகுதியைப் படித்துவைப்பது நல்லது. பட்டம் வந்த பிறகு தொடங்கினால் ஓராண்டு வீணாகும்.

எந்த இடம் உங்களுக்கு

முதலில் பார்க்க வேண்டியது சிம்லாவில் உள்ள இந்திய உயராய்வு நிறுவனம். 1888இல் கட்டி முடித்த வைஸ்ராய் மாளிகையில் இயங்குகிறது. அதை வடிவமைத்த ஹென்றி இர்வின்தான் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் எழும்பூர் ரயில் நிலையத்திலும் கைவைத்தவர். நாடு விடுதலை பெற்ற பின் குடியரசுத் தலைவரின் கோடை மாளிகையாக இருந்த அந்தக் கட்டடத்தை ஆய்வுக்கென்று ஒப்படைத்தவர் ராதாகிருஷ்ணன். 1965 அக்டோபர் 20 அன்று நிறுவனத்தைத் திறந்துவைத்தவரும் அவரே. இங்கே ஃபெல்லோவாக இரண்டு ஆண்டு வரை இருக்கலாம். முடிவில் ஒரு தனிநூலின் கையெழுத்துப் படியைக் கொடுக்க வேண்டும்; அதை வெளியிடும் முதல் உரிமை நிறுவனத்துக்கு. இந்த நிபந்தனையைப் படிக்காமல் வேறு பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போனால் பின்னால் சிக்கல்.

இதே சிம்லாவில் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கென்று அசோசியேட் திட்டம் ஒன்றும் உண்டு; இப்போது அழைப்பு வருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் வீதம் மூன்று ஆண்டு போய்வரலாம். நீண்ட விடுப்பு கிடைக்காதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. கோடை விடுமுறையிலேயே முடித்துவிடலாம். அங்கே நீங்கள் பேசும் ஓர் உரை, பின்னால் பெரிய விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுதக்கூடிய மூன்று பேரை அறிமுகப்படுத்தும்.

வெளிநாட்டில் அமைப்புக்கு அமைப்பு குணம் வேறு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் வரலாற்றியல் பள்ளி, சமூக அறிவியல் பள்ளி என்று இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். சமூக அறிவியல் பள்ளி ஆண்டுதோறும் ஒரு மையக் கருப்பொருள் அறிவிக்கும். அதற்குள் வராதவர்களும் விண்ணப்பிக்கலாம். குடியிருப்பு வளாகத்திலேயே இருக்கிறது. 1981இல் தொடங்கிய பெர்லின் உயராய்வு நிறுவனமான விசென்ஷாஃப்ட்ஸ்கோலெக் ஆண்டுக்குச் சுமார் 40 பேரை அழைக்கிறது. செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜூலை நடுவில் முடியும். மதிய உணவு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. அது உபசாரம் இல்லை, ஃபெல்லோஷிப்பின் ஒரு பகுதி. உயிரியலாளரும் இசையமைப்பாளரும் எதிரில் உட்கார்ந்து 'உங்கள் வேலை என்ன' என்று கேட்பார்கள். வட கரோலினாவில் 1978இல் திறந்த நேஷனல் ஹ்யூமானிட்டிஸ் சென்டர் என்ற மையத்தில் அலுவலகமும் நூலகச் சேவையும் பிரமாதம், ஆனால் வீடு தரமாட்டார்கள். நீங்களே வாடகைக்கு எடுக்க வேண்டும்.

அதனால் 'ரெசிடென்ஷியல்' என்ற சொல்லைக் கவனமாகப் படியுங்கள். சில அறிவிப்புகளில் அது 'இங்கே வீடு உண்டு' என்று பொருள்படும். சிலவற்றில் 'நீங்கள் இந்த ஊரில் இருந்தாக வேண்டும்' என்று மட்டும்தான் பொருள். 'விசிட்டிங் ஃபெல்லோ' என்று அழைத்துவிட்டு மேசையும் நூலக அட்டையும் மட்டும் தருகிற இடங்களும் இருக்கின்றன. தொகை, வீடு, பயணச் செலவு, காப்பீடு, குடும்பம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, அறிவிப்பில் பதில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்கள் என்ற தயக்கம் வேண்டாம். அந்த அலுவலகங்கள் இந்தக் கேள்விக்காகவே ஆள் வைத்திருக்கின்றன.

தகுதி வரிகள்

இரண்டு வரிகளில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். முதலாவது, பட்டம் கையில் இருக்க வேண்டிய தேதி. பிரின்ஸ்டன் விண்ணப்பிக்கும்போதே பட்டம் இருக்க வேண்டும் என்கிறது. வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருப்பவர்கள், தற்காலிகச் சான்றிதழ் செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஆய்வேட்டைப் புத்தகமாக்கும் வேலைக்கு இடம் உண்டா என்பது. வட கரோலினா மையம் அதை ஏற்பதில்லை. சிம்லாவும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து படித்துக்கொண்டிருப்பவர்களை ஏற்பதில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் மரி க்யூரி முதுமுனைவர் நல்கை வழியாகப் போவதானால் பட்டம் பெற்று 8 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். போகப்போகும் நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது.

நாட்காட்டி

வெளிநாட்டுக் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கும். அந்தச் செப்டம்பருக்கான கடைசித் தேதி பெரும்பாலும் முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரில் விழும். முடிவு பிப்ரவரி, மார்ச்சில் தெரியும். ஆக 2028 செப்டம்பரில் போக நினைப்பவர் 2027 மார்ச்சிலேயே எழுதத் தொடங்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். மே, ஜூனில் முதல் வரைவு. ஜூலையில் உங்கள் துறை சாராத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ஆகஸ்டில் பரிந்துரையாளர்களிடம் பேசுங்கள். செப்டம்பரில் திருத்தி, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். கடைசித் தேதி எந்த ஊர் நேரப்படி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்மொழிவு

விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான். வட கரோலினா 1000 சொல் கேட்கிறது. மற்ற இடங்களிலும் இரண்டு முதல் ஐந்து பக்கத்துக்குள்தான். அதைப் படிக்கும் குழுவில் உங்கள் துறைக்காரர் ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மற்றவர்கள் இடைக்கால பிரெஞ்சு வரலாறோ கலை வரலாறோ செய்பவர்கள். ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிப்பவர்கள். முதல் பத்தியில் கேள்வி தெரியாவிட்டால் ஐந்தாம் பத்தியில் தெரிந்து பயனில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. தாது வருஷப் பஞ்சத்தை, அதாவது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தை, ஆய்வு செய்பவர் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்:

'பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பஞ்சங்கள் குறித்துப் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆயினும் தமிழ்ச் சான்றுகள் போதிய கவனம் பெறவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப இவ்வாய்வு முயலும்.'

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற மூன்று வாக்கியங்கள் இவை. 'பஞ்சம்' என்பதை எடுத்துவிட்டு 'ரயில்வே' என்று போட்டாலும் நிற்கும். இடைவெளி இருக்கிறது என்பதாலேயே அதை நிரப்ப ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் தர வேண்டும் என்று குழு நினைக்காது. அதையே இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

'1877இல் சென்னை மாகாணத்து நிவாரண வேலைத்தளங்களில் ஓர் ஆணின் ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று குறைக்கப்பட்டது. உழைக்கும் உடலுக்கு அது போதுமா என்று வைஸ்ராயின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிளும் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷும் கோப்புகளில் வாதாடினார்கள். அதே பஞ்சத்தைப் பாடிய சிந்துகளும் கும்மிகளும் பசியை எந்த அளவையில் கணக்கிட்டன? பவுண்டு தெரியாத ஒருவர் தன் பங்கு குறைந்ததை எப்படிச் சொன்னார், யாரிடம் சொன்னார்?'

இப்போது தமிழ் தெரியாத ஒருவருக்கும் கையில் பிடிக்க ஏதோ இருக்கிறது. ஒரு எண், ஒரு சண்டை, பதில் தெரியாத ஒரு கேள்வி. தமிழ்ச் சான்றுகள் ஏன் தேவை என்பதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். கேள்வியே அதைக் கேட்கிறது.

இரண்டாம் பத்தியில் சான்றுகள். 'ஆவணக் காப்பகங்களைப் பயன்படுத்துவேன்' என்று எழுதாதீர்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் எந்தத் துறைக் கோப்பு, எந்த ஆண்டுகள். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் என்ன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்ன. அதைவிட முக்கியம், இவற்றில் எத்தனை பங்கு ஏற்கெனவே படித்துப் படியெடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பது. உறைவிட ஃபெல்லோஷிப் எழுதுவதற்கான காலம், சேகரிப்பதற்கானது இல்லை. பெர்லினில் உட்கார்ந்துகொண்டு மதுரையில் களப்பணி செய்வேன் என்ற திட்டத்தைப் பார்த்ததும் குழு விலக்கிவைத்துவிடும். நல்ல விண்ணப்பங்கள் பல இந்த ஒரு காரணத்தால் விழுகின்றன. சான்றில் முக்கால் பங்காவது கையில் இருக்கும்போது விண்ணப்பியுங்கள்.

அடுத்து வேலைத்திட்டம். ஐந்து அத்தியாயப் புத்தகம் என்றால், இரண்டு வரைவாக இருக்கின்றன, மூன்றாவதன் பாதி கட்டுரையாக வந்திருக்கிறது, இந்த ஒன்பது மாதத்தில் மூன்றும் நான்கும் எழுதுவேன், ஐந்துக்குக் குறிப்பெடுப்பேன் என்று எழுதுங்கள். ஒன்பது மாதத்தில் முழுப் புத்தகமும் முடிப்பேன் என்றால் புத்தகம் எழுதியவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். ஓர் அத்தியாயத்துக்கு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மாதம் திருத்தத்துக்கே போகும்.

கடைசியாக 'ஏன் இங்கே'. இந்தப் பத்தியில் பலர் நிறுவனத்தைப் புகழ்ந்து தள்ளுவார்கள். அவர்கள் புகழ் அவர்களுக்கே தெரியும். அந்த ஊர் நூலகத்தில் இருக்கும் ஒரு தொகுப்பு, அங்கே ஊட்டச்சத்து வரலாறு செய்யும் ஒரு குழு, அந்த ஆண்டின் கருப்பொருளோடு உங்கள் இரண்டாம் அத்தியாயம் சேரும் புள்ளி: இதில் ஒன்று போதும், நான்கு வரி போதும்.

மொழி பற்றி ஒரு சொல். தமிழில் மட்டும் எழுதியவர்களுக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆனால் எழுத்து மாதிரி கேட்டால் உங்கள் சிறந்த தமிழ்க் கட்டுரையிலிருந்து 15 பக்கத்தை நல்ல ஆங்கிலத்தில் பெயர்த்து வைக்க வேண்டும். அதற்கு ஒருவருக்குப் பணம் கொடுத்தாலும் தகும். தமிழ் நூல்களின் பட்டியலைத் தற்குறிப்பிலிருந்து நீக்காதீர்கள்; தலைப்பின் ஒலிபெயர்ப்பும் ஒரு வரி விளக்கமும் கொடுங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள்

இரண்டு அல்லது மூன்று கேட்பார்கள். முனைவர் பட்ட நெறியாளர் ஒருவர் இருக்கட்டும். மூவரும் அதே துறையிலிருந்து வேண்டாம். உங்கள் கட்டுரையைப் படித்து வாதாடிய ஒருவர், வேறு ஊர்க்காரர், மூன்று வரி அதிகம் எழுதினாலே கனம் கூடும். துணைவேந்தரின் கடிதம் வேண்டவே வேண்டாம். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்ற கடிதம் குழுவுக்கு எதுவும் சொல்வதில்லை.

அவர்களுக்கு ஆறு வாரம் முன்பே முன்மொழிவையும் தற்குறிப்பையும் அனுப்புங்கள். எந்தப் புள்ளியை அவர் எழுதினால் நல்லது என்றும் மரியாதையோடு சொல்லலாம்: 'மோடி எழுத்தில் உள்ள மராத்தி ஆவணங்களை நான் நேரடியாகப் படிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஐயா, அதைக் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.' பெரும்பாலான இடங்களில் இணையதளமே அவருக்கு ஓர் இணைப்பை அனுப்பும். அது ஸ்பேம் பெட்டியில் விழுவது வழக்கம். அனுப்பிய அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை நினைவூட்டுங்கள்.

கல்லூரி அனுமதி

கடிதம் வந்த பிறகு விடுப்புக் கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் கோப்பு முதல்வர், நிர்வாகம், கல்லூரிக் கல்வித் துறை என்று நகர வேண்டும். வெளிநாடு போகத் தடையின்மைச் சான்று தனி. விண்ணப்பிக்கும்போதே 'முறையான வழியில்' தகவல் தெரிவித்து ஒரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிவையுங்கள். பின்னால் யாரும் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

விடுப்பு எந்த வகை என்பதை எழுத்தில் கேளுங்கள்: சம்பளத்தோடு ஆய்வு விடுப்பா, சம்பளமில்லா அசாதாரண விடுப்பா, அந்தக் காலம் ஊதிய உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் சேருமா. சுயநிதிப் பிரிவில் இருப்பவர்களுக்குத் திரும்பி வந்து சேரும் உரிமை கடிதத்தில் இல்லாவிட்டால் வேலையே போகலாம். உங்களிடம் பதிவு செய்த ஆய்வு மாணவர்கள் இருந்தால் இணை நெறியாளர் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகத்தில் முடித்துவிட்டுப் போங்கள். அவர்களுடைய ஆண்டு வீணாகக் கூடாது.

பெயரும் விசாவும்

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை இனிஷியல். பட்டச் சான்றிதழில் 'மு. செல்வி', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, கட்டுரைகளில் 'செல்வி முருகேசன்'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாது என்று பொருள்படும் 'எஃப்என்யூ' என்ற மூன்றெழுத்து முதல் பெயர்க் கட்டத்தில் வந்து உட்காரும். பிறகு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதுவே தொடரும். விண்ணப்பிக்கும் முன்பே அப்பா பெயரையோ கணவர் பெயரையோ விரித்து இரண்டு கட்டமும் நிரம்பும்படி பாஸ்போர்ட்டை மறுபதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் திருமணச் சான்றைத் தேட வேண்டியிருக்கும். கோயிலிலோ மண்டபத்திலோ நடந்த திருமணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகாமல் இருந்தால் இப்போதே பதியுங்கள். நம் பள்ளிகளில் ஆண்டு ஜூனில் தொடங்கும், அங்கே ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ. குழந்தைக்கு இரண்டு பக்கமும் இழப்பில்லாமல் பள்ளியில் முன்கூட்டியே எழுதி வாங்குவதும் இதோடு சேர்ந்த வேலை.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஜே-1 எனும் பரிமாற்ற வருகையாளர் விசா. அதில் 'ரிசர்ச் ஸ்காலர்' பிரிவில் போய்வந்தால், அடுத்த 24 மாதம் அதே பிரிவில் மறுபடி போக முடியாது. நான்கு மாத ஃபெல்லோஷிப்புக்காக அந்தத் தடையை வாங்கிக்கொள்வது வீண். ஆறு மாதத்துக்குள் என்றால் 'ஷார்ட்-டெர்ம் ஸ்காலர்' பிரிவில் படிவம் கொடுக்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். காப்பீட்டுக்கும் அளவு உண்டு: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர், நோயாளியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர 50,000, இறந்தால் உடலை அனுப்ப 25,000; நீங்களே ஏற்கும் பகுதி 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. இங்கே விற்கும் மலிவான சுற்றுலாக் காப்பீடுகள் பல இதற்குப் பொருந்தாது. பாலிசி தாளில் இந்த நான்கு எண்களையும் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

போன பிறகு

புறப்படும் முன் உங்கள் தமிழ்ச் சான்றுகள் எல்லாவற்றையும் மின்வடிவில், இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இருப்பது கைகொடுக்கும், ஆனால் நீங்கள் மேற்கோள் காட்டப்போகும் அதே பதிப்பு அங்கே இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பெர்லினில் நூலகர்கள் நகரத்து நூலகங்களிலிருந்து கேட்ட புத்தகத்தை உங்கள் மேசைக்கே கொண்டுவந்து தருவார்கள். பட்டியலை இரண்டு மாதம் முன்பே அனுப்பினால் போய் இறங்கிய முதல் திங்கட்கிழமையே வேலை தொடங்கும்.

எல்லா இடத்திலும் ஓர் உரை உண்டு. முதல் மாதத்தில் வேண்டாம். கேட்பவர்கள் யார் என்றே தெரியாது. கடைசி மாதத்திலும் வேண்டாம். கேட்ட கேள்வியை வைத்துத் திருத்த நேரமிருக்காது. மூன்றாவது அல்லது நான்காவது மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். வெண்பாவின் தளையை விளக்க வேண்டாம். பாட்டின் நான்கு வரியைத் தமிழிலேயே உரக்கப் படியுங்கள், மொழிபெயர்ப்பைத் திரையில் போடுங்கள், பிறகு ஒரே கேள்வியை வையுங்கள்.

சிம்லாவுக்குப் போகிறவர்கள் குளிரைக் குறைத்து நினைக்க வேண்டாம். நவம்பர் முடியும்போது அந்தப் பெரிய கல் மாளிகையில் தட்டச்சு செய்யும் விரல் விறைக்கும். எழுத்து வேலையின் கனமான பகுதியை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலை நான்கு மணி நேரம் எழுத்துக்கு மட்டும். ஊரிலிருந்து வரும் விடைத்தாள், வினாத்தாள், வாய்மொழித் தேர்வு அழைப்புகளை மதியத்துக்குப் பிறகு பாருங்கள். முடிந்தவரை புறப்படும் முன்பே மறுத்துவிடுங்கள். இடம் கிடைத்தும் புத்தகம் எழுதாமல் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த அழைப்புகளுக்கு 'சரி' சொன்னவர்கள்.

இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பியுங்கள். குழு மாறியிருக்கும், கருப்பொருள் மாறியிருக்கும். நீங்களும் இடையில் ஓர் அத்தியாயத்தை முடித்திருப்பீர்கள். வேலைத்திட்டத்தில் 'இரண்டு வரைவாக இருக்கின்றன' என்ற இடத்தில் 'மூன்று' என்று எழுதலாம்.